கழுத்து தொங்காத பொம்மை

வட சென்னையில் காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி, கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் பக்கமாக உள்ளே நடந்தால், ஒரு தெருவில் வீட்டு முன்னறையையே கடையாக்கி வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. ஜன்னல் கம்பியில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்கார பொம்மை ஒன்று தொங்கும், அதுதான் அடையாளம். துணிப் பொம்மைகளை அங்கேயே தைக்கிறார்கள். மரப் பொம்மைகள் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகின்றன. துணிப் பொம்மைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மரப் பொம்மைக்குக் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு போக வேண்டும். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: எண்ணூர் பக்கம் ஒரு வார்ப்பட ஆலையில், பேட்டர்ன் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு மணலில் ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சைப் பதிக்க அதே வடிவத்தில் ஒரு மர மாதிரி வேண்டும். அதைச் செய்வதுதான் எங்கள் வேலை. ஆகவே மரம், கடைசல் (மரத்தை லேத்தில் சுற்றவிட்டுக் கடைவது) என்றால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். தையலில் எனக்கு ஒன்றும் தெரியாது. என் தங்கச்சி ஏற்றுமதி கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். பேத்திக்குப் பொம்மை வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கீழே தையலைப் பற்றி நான் விவரமாகப் பேசுகிற இடமெல்லாம் அவள் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துணி. பேத்திக்கு எடுத்தது ஒரு மீன்காரம்மா. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரம். காடாத் துணியில் உடம்பு, சுங்குடியில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறங்கும் சேலை, தலையில் சும்மாடு, அதன்மேல் பனையோலையில் பின்னிய சின்னக் கூடை. கூடைக்குள் துணியில் தைத்த மூன்று மீன். காசிமேட்டில் ஏலம் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு இடுப்பில் சேலை செருகியிருக்கும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். விலை 480 ரூபாய்.

நான் பார்த்தது முகத்தை அல்ல, கழுத்தை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறினேன். தலை ஆடவில்லை. கடைகளில் விற்கிற மலிவு பொம்மைகளை இரண்டு மாதம் குழந்தை கையில் கொடுத்துப் பாருங்கள், தலை மார்பில் கவிழ்ந்துவிடும். பொம்மை உடம்பில் கனமான இடம் தலை, குறுகலான இடம் கழுத்து, குழந்தை பிடித்து இழுப்பதும் கழுத்தைத்தான். பிடிக்கப் பிடிக்கக் கழுத்திலிருக்கும் பஞ்சு மேலும் கீழுமாக ஒதுங்கி நடுவில் காலியாகிவிடும். சில பேர் இதற்காக உள்ளே கம்பி வைப்பார்கள். கம்பி ஒரு நாள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அதனால் சின்னக் குழந்தைக்கு அது ஆகாது.

கடைக்கார அம்மா பஞ்சு அடைப்பதற்கு முன்னாலேயே பழைய நூல் சேலைத் துண்டை இறுக்கிச் சுருட்டி, குறுக்கே நூல் சுற்றிக் கட்டி, உச்சந்தலையிலிருந்து நெஞ்சு வரைக்கும் உள்ளே நிறுத்திவிடுகிறார். அதைச் சுற்றித்தான் பஞ்சு. துணிக்குத் துணியே முதுகெலும்பு. அழுத்தினால் வளையும், விட்டால் நிமிரும். நான் கழுத்தை அமுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "இன்னாண்ணே, பொம்மைக்கு வைத்தியம் பாக்குறியா?" என்று கேட்டார். வேலையைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன் என்று சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு மேஜைமேல் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார்.

வெட்டி வைத்த கையைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முடிந்த பொம்மையின் கையைவிட அது ரொம்பவும் அகலமாக இருந்தது. தையலுக்கு விட்ட இடம் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. இரண்டு துணியை ஒட்டித் தைத்தால் தட்டையாக இருக்கும். பஞ்சு உள்ளே போனதும் உருண்டையாகும். உருண்டையானால் அகலம் சுருங்கும். 5 சென்டிமீட்டர் அகலத்தில் தைத்த கை, பஞ்சு அடைத்தபின் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான விட்டம்தான் இருக்கும். கணக்கில் இது வட்டத்தின் சுற்றளவு சமாச்சாரம். அந்த அம்மா அட்டையில் வரைந்து வெட்டிய மாதிரிகளைப் பல வருஷமாகத் திருத்தித் திருத்தியே அந்த அளவுக்கு வந்திருக்கிறார். எங்கள் பேட்டர்ன் ஷாப்பிலும் இந்தப் பாடுதான். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும், ஆகவே மர மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே கூடுதல் நீளத்தில் கோடு போட்ட தனி ஸ்கேல் எங்களிடம் உண்டு. இவரிடம் ஸ்கேல் இல்லை, ஓரம் கிழிந்த அட்டைகள்தான். அட்டைகளின் பின்னால் 'தடி கை', 'பாப்பா கை', 'போலீஸ் கால்' என்று பேனாவில் எழுதியிருக்கிறது.

அடுத்தது வளைவு. கட்டைவிரல், கழுத்து, இடுப்பு என்று வளைகிற இடங்களில் தைத்து முடித்ததும் தையலுக்கு வெளியே மிச்சமிருக்கும் துணியில் சின்னச் சின்னதாக வெட்டு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் புரட்டும்போது அந்த இடம் சுருங்கிக் கொசுவம் விழும். வெட்டு தையலைத் தொட்டுவிட்டால் பிரிந்துபோகும். தங்கச்சி ஒரு பொம்மையின் கட்டைவிரலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாஸ். விரலைப் புரட்ட இவர்கள் பயன்படுத்துவது மழுங்கிய முனையுள்ள பழைய குடைக்கம்பி.

கண், மூக்கு, வாய் எல்லாம் நூல் வேலை. பொத்தான் கிடையாது, மணி கிடையாது. மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தை பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், ஆகவே இது சரியான முடிவு. முகத்தை ஏன் கடைசியில் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "பஞ்சு அடைக்காம மூஞ்சி போட்டா, அடைச்சப்புறம் ரெண்டு கண்ணும் காதாண்ட போயிடும்ணே" என்றார். ஆரம்பத்தில் அப்படிப் போன ஒரு பொம்மையை எடுத்துக் காட்டினார். ஆந்தை முழி. அதை விற்க மாட்டாராம், அவர் பையனுடைய செல்லமாம்.

நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணிப் பொம்மைகளில் வெள்ளைத் தோல் பொம்மையே இல்லை. காடாத் துணியைப் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, டீத்தூள் டிகாஷனில் முக்கிக் காயப்போடுகிறார். எத்தனை தடவை முக்குகிறாரோ அத்தனை கறுப்பு. வரிசையாகக் கட்டி வைத்த துணியைப் பார்த்தால் எங்கள் தெருவில் இருக்கிற எல்லா நிறமும் இருக்கிறது. என் பேத்தி கையைப் பொம்மை கைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதற்குமேல் அவள் விமர்சனம் எதுவும் சொல்லவில்லை.

உள்ளே வைக்கிற பஞ்சில் இரண்டு வகை வைத்திருக்கிறார். கேட்காவிட்டால் பாலியெஸ்டர் ஃபைபர். கேட்டால் பருத்திப் பஞ்சு, 60 ரூபாய் கூடுதல். இயற்கைப் பிரியர்கள் உடனே பருத்திக்குத் தாவுவார்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் துணியே இரண்டு நாள் காயாது. பருத்திப் பஞ்சு அடைத்த பொம்மையை அந்த நேரத்தில் துவைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து நாறும். எச்சில் ஒழுகுகிற வயது என்றால் ஃபைபரே நல்லது, பிழிந்து கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். இலவம் பஞ்சு அவர் வைப்பதில்லை. சன்னமான தூசு பறக்கும், தைக்கிறவர்களுக்கே இருமல் வருகிறது என்றார்.

குறை இல்லாமல் இல்லை. சிவப்பு ரவிக்கைத் துணியில் தங்கச்சி வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தாள், கைக்குட்டை ரோஸ் ஆனது. குழந்தை வாயில் வைக்கிற பொருளில் சாயம் போகக் கூடாது. கடைக்கார அம்மா அதை மறுத்துப் பேசவில்லை. எம்.சி. ரோட்டில் மொத்தமாக வாங்குகிற வெட்டுத்துணி, சிலது சாயம் போகும், சிலது போகாது என்று சொல்லி, அங்கேயே ரவிக்கையைக் கழற்றி வேறு துணியில் தைத்துப் போட்டுக் கொடுத்தார். நீங்கள் போனால் கடையிலேயே நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆட்டோக்காரரின் காக்கிச் சட்டையில் வைத்திருக்கிற பிரஸ் பட்டனும் மட்டம். நான்கைந்து தடவை கழற்றி மாட்டினால் துணியோடு வந்துவிடும். அதற்குப் பதிலாக நாடா வைக்கச் சொன்னோம்.

வேறு என்னென்ன இருக்கிறது என்றால், பாக்ஸிங் கையுறை மாட்டிய பெண், பூக்காரம்மா, போஸ்ட்மேன், கால்பந்தைக் கக்கத்தில் இடுக்கிய பையன். கேரம் ஸ்ட்ரைக்கரைக் கையில் பிடித்த ஒரு பெண் பொம்மையும் உண்டு. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து அது நன்றாகப் போகிறதாம். இளவரசி, தேவதை எதுவும் கிடையாது. கேட்டால் செய்து தருவார், ஆனால் முகத்தில் ஆர்வம் தெரியாது.

விலை பேசலாமா என்று கேட்பீர்கள். என் முன்னாலேயே ஒரு அம்மா 480-ஐ 350 ஆக்கக் கேட்டார். "கொறச்சிக்கலாம்மா, கூடையையும் மீனையும் எடுத்துரட்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் இவர். வந்தவரும் சிரித்துவிட்டு முழு விலை கொடுத்தார். தைக்க, வெட்ட, பஞ்சு அடைக்க இன்னும் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு இரண்டு பொம்மைக்கு மேல் முடிக்க முடியாது. துணி, பஞ்சு, நூல், கூலி எல்லாம் போக என்ன நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். காசிச் செட்டித் தெருவில் இதே உயரத்தில் 150 ரூபாய்க்குப் பொம்மை கிடைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. கழுத்தை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

துணிப் பொம்மையை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில் பக்கத்து மீனவக் கிராமப் பெண்கள், உபாசனா என்ற வடிவமைப்புக் கூடம் கற்றுக்கொடுத்து, வெட்டுத்துணியில் விரலளவு பொம்மை செய்தார்கள். சுனாமிகா என்று பெயர். அதை விலைக்கு விற்கவில்லை, அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், விரும்பியவர்கள் தந்த பணத்தில் வேலை ஓடியது. கேரளத்தில் 2018 வெள்ளத்தில் சேந்தமங்கலம் கைத்தறிச் சேலைகள் சேறாகி வீணானபோது, அவற்றைச் சுத்தம் செய்து துண்டாக்கிச் சேக்குட்டி என்ற பொம்மைகளைச் செய்து விற்று நெசவாளர்களுக்குப் பணம் சேர்த்தார்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவில் பழங்குடி மக்களின் உடை, நகையோடு துணிப் பொம்மை செய்யும் ரமேஷ் பர்மார், சாந்தி பர்மார் தம்பதிக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். காலடிப்பேட்டை அம்மாவிடம் சுனாமிகா ஒன்று இருக்கிறது, சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறார். யார் கொடுத்தது என்று நினைவில்லையாம்.

சரி, ஊரைப் பற்றியும் ஒன்று. காலடிப்பேட்டை என்பதே 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. அந்த காலட் இங்கே வருவதற்கு முன்னால், 1716-ல், அமோய் சின்குவா என்ற சீனக் கலைஞரைக் கொண்டு தன்னையே ஒரு சின்னப் பொம்மையாகச் செய்யவைத்து, இங்கிலாந்தில் இருந்த மகளுக்கு அனுப்பினார். தலையில் விக், நீளக் கோட்டு, இடுப்பில் ஒரு கை. லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. படத்தை போனில் காட்டினேன். கடைக்கார அம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கோட்டு மடிப்பு நல்லா வந்துக்குது" என்றார். அடுத்த தடவை போகும்போது ஜன்னலில் காலட் தொங்கினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி மரம். இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்வது கடைக்கார அம்மாவின் நாத்தனார். விஜயவாடா பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர், பாதி தெலுங்கு பாதி தமிழில் பேசுவார். வட சென்னையில் அதனால் யாருக்கும் கஷ்டமில்லை.

அலமாரியில் மூன்று ஊர்ச் சரக்கு கலந்து கிடக்கிறது. கலந்து கிடப்பதே முதல் குறை. வாங்குகிறவருக்கு எது எதற்கு என்று தெரியாது.

ஏட்டிகொப்பாக்கா பொம்மை ஆந்திராவில் அனகாபல்லி மாவட்டத்தில் வராக நதிக்கரையில் இருக்கிற ஊரிலிருந்து வருவது. 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சன்னபட்ணா பெங்களூருவிலிருந்து மைசூரு போகிற வழியில் இருக்கிறது, பஸ்ஸில் போனவர்கள் ரோட்டோரத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஊரிலும் மரம் ஒன்றுதான்: வெட்பாலை. நம் சித்த வைத்தியத்தில் தோல் வியாதிக்கு இலையை எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைப்பார்களே, அதே மரம். கட்டை வெள்ளையாக, நெருக்கமான ரேகையோடு, கடைசலுக்கு வெண்ணெய்யாக இழையும். எங்கள் ஆலையில் நல்ல தேக்கில் உளி ஓட்டியவன் நான், ஆனாலும் இந்த மரத்தில் கடைந்த ஒரு பம்பரத்தின் முனையைப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது.

வண்ணம் பூசுகிற விதம்தான் அழகு. பிரஷ் கிடையாது. லேத்தில் மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசலில் சூடேறி அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் அரக்கு சமமாகப் பரவிப் பளபளப்பு வரும். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் மயிரிழைகூட மேலே ஏறாமல் நிற்க வேண்டும், சுற்றிக்கொண்டிருக்கிற கட்டையில். ஏட்டிகொப்பாக்காவில் மஞ்சள், அவுரி என்று செடிகளிலிருந்து எடுக்கிற சாயத்தை அரக்கில் கலக்கிறார்கள். எல்லாக் கடைசல் பொம்மையும் அப்படி இல்லை. இந்தக் கடையில் அலமாரி முழுவதற்கும் சேர்த்து 'இயற்கைச் சாயம்' என்று ஒரே அட்டை ஒட்டியிருக்கிறது. கண்ணைக் குத்துகிற ரோஸ் கலரில் ஒரு கிலுகிலுப்பையும் அந்த அட்டைக்குக் கீழே இருந்தது. அட்டையை எடுத்துவிடச் சொன்னேன், சிரித்தார், எடுக்கவில்லை.

வாங்கும்போது பொம்மையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மரத்தின் வளையங்கள் தெரியும். வளையங்களின் நடுப்புள்ளி பொம்மையின் அடியிலேயே இருந்தால் அது மெல்லிய கிளையை அப்படியே கடைந்தது. காயக் காய அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பும். வளையங்கள் ஒரு பக்கமாக வில் வளைவில் போனால் பெரிய கட்டையைப் பிளந்து எடுத்தது, நிற்கும். அந்த அலமாரியில் பாதிக்கும் மேல் முதல் வகை. கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, சின்ன பொம்மைக்குக் கிளைதான் கட்டுப்படியாகும். ஆனால் பொறுக்கி எடுத்தால் அதே விலைக்கு நல்லது கிடைக்கிறது. பம்பரம் 40 ரூபாய். தாராளமாக வாங்கலாம், நான் வாங்கியது மொசைக் தரையில் நின்ற இடத்தில் நின்று சுற்றுகிறது. சொப்புச் சாமான் பெட்டி 350 ரூபாய். அம்மி, உரல், திருகை, குடம் எல்லாம் சரி, மூடிகள்தான் பாத்திரத்தில் லொடலொட என்று ஆடுகின்றன. அம்பாசமுத்திரம் சொப்பில் மூடி அழுத்தி உட்காரும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது போதாது. தள்ளுவண்டியை விட்டுவிடுங்கள். அச்சு ஆணி தளர்ந்து சக்கரம் கழன்றுவிடும்.

கொண்டபல்லி பொம்மை வேறு ஜாதி. விஜயவாடா பக்கத்து ஊர். தெல்ல பொனிக்கி என்ற மரம், கையில் எடுத்தால் எடையே தெரியாது. தலை, கை, தும்பிக்கை, அம்பாரி எல்லாவற்றையும் தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த களிம்பால் ஒட்டி, சுண்ணாம்பு பூசி, அப்புறம் வண்ணம். பசைக்குள் மரத்தூளையே போடுவதால் ஒட்டு காய்ந்தபின் மரத்தோடு மரமாகிவிடுகிறது. எங்கள் மர மாதிரிகளில் உள்மூலைகளை மெழுகு வைத்து உருட்டிவிடுவோம், இவர்கள் அந்தக் களிம்பிலேயே யானைக்கு முழங்கால் மடிப்பு வைத்துவிடுகிறார்கள். தென்னை மரத்தடியில் உரலில் குத்துகிற பெண்கள், கள் இறக்குகிறவர், தசாவதாரம், அம்பாரி யானை எல்லாம் இருக்கிறது. அம்பாரி 900 ரூபாய். வேலைக்குத் தகுந்த விலை. ஆனால் இது கொலுவுக்கும் ஷோகேஸுக்கும் உரியது, குழந்தை கையில் கொடுக்கிறதில்லை. ஒரு தடவை கீழே போட்டால் தும்பிக்கை தனி, யானை தனி. இன்னொன்று: நாம் இருப்பது கடலோரம். இந்தக் கடையில் யானையைப் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டித் தருகிறார்கள். வீட்டுக்குப் போனதும் பிரித்துவிடுங்கள். ஈரக்காற்று உள்ளே அடைபட்டால் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு வரும்.

மரப்பாச்சி கேட்டேன். இரண்டு ஜோடி எடுத்து வைத்தார் நாத்தனார். செக்கச் சிவந்த ராஜா, ராணி. செஞ்சந்தனமா என்று கேட்டதும், "இல்லண்ணா, சாதா மரம். சாயம் வேசாரு" என்று சட்டென்று சொல்லிவிட்டார். வேறு இடங்களில் இதையே செஞ்சந்தனம் என்று சத்தியம் செய்து 1,500 ரூபாய் கேட்பார்கள். இங்கே ஜோடி 220. நேர்மைக்காக இந்தக் கடைக்கு நான் தனியாக ஒரு மார்க் போடுவேன். நல்ல செஞ்சந்தன வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கும். சாயம் போட்ட சாதாக் கட்டை மிதக்கும். பச்சைத் தண்ணீரில் சிவப்பு உடனே கரைந்து வந்தால் சாயம். செஞ்சந்தனத்தின் சிவப்பு தண்ணீரில் அப்படிக் கரையாது, சாராயத்தில்தான் நன்றாகக் கரையும். அந்த மரத்துக்கு இப்போது இருக்கிற கட்டுப்பாடுகள் உங்களுக்குத் தெரியும், துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தால் கட்டை என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கல்யாணச் சீரில் மரப்பாச்சி வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் வீட்டில் இருக்கிற பழைய ஜோடியைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொள்வது நல்லது. கொலுப்படிக்கு மட்டும் என்றால் இந்த 220 ரூபாய் ஜோடி போதும். துணிப் பகுதியில் சொன்னால் அதற்குப் பட்டுக்கரை வைத்து உடுத்தியும் தருகிறார்கள், அது 80 ரூபாய்.

சிலர் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையே என்று கேட்கிறார்கள். 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம்தான். ஆனால் மத்தியக் கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. கைவினைஞர் அட்டையைக் கேட்டேன், டப்பாவில் தேடிக் காட்டினார் துணிப் பொம்மை அம்மா. அதை ஒரு பிரதி எடுத்துச் சுவரில் மாட்டினால் கேள்வி வராது.

மற்றவை: வெளிச்சம் போதாது, பில் வேண்டுமென்றால் கேட்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. ஜி-பே உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும்தான். கிழிந்த துணிப் பொம்மையைக் கொண்டுபோனால் தைத்துக் கொடுக்கிறார்கள், அவர்களே செய்ததாக இருந்தால் காசு வாங்குவதில்லை. மரப் பொம்மைக்கு அந்த வசதி இல்லை. விருப்பப்படி செய்யச் சொன்னால் பாதி முன்பணம், பத்து நாள் தவணை சொல்வார்கள், பதினைந்து நாள் ஆகும். நவராத்திரிக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவிட வேண்டும். புரட்டாசி பிறந்தபின் போனால் ஜன்னலில் இருக்கிற ஆட்டோக்காரர்தான் மிச்சமிருப்பார்.

தங்கச்சிக்காக ஒரு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்த பொம்மை. மிஷினை மரத்தில் நான் செய்து தருவதாகப் பேச்சு. தகராறு முழங்காலில். துணிக் காலை மடக்கி உட்கார வைத்தால் நழுவி நழுவிச் சாய்கிறது. முட்டியில் குறுக்குத் தையல் போட்டால் மடங்கி நிற்கும் என்கிறார் அந்த அம்மா. உள்ளே சின்ன மரக்கீல் வைக்கலாம் என்பது என் கட்சி. தங்கச்சி குறுக்குத் தையல் பக்கம் சேர்ந்துவிட்டாள். முட்டிக்கு மேலே பஞ்சைக் கொஞ்சம் குறைத்துத் தைத்துப் பார்க்கலாம் என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது.